கார் பிரேக்கின் வரலாறு: மரக்கட்டையிலிருந்து மின்னணு வரை

ஓடுகிற காரை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றலை வேறொன்றாக மாற்றுவது. 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 580 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஓட்டுநர் அவசரமாக பிரேக்கை மிதித்தால் இத்தனை ஆற்றலும் நான்கு விநாடிக்குள் வெப்பமாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள கார், காய்ந்த தார்ச்சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 12, 13 மீட்டர் போதும், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 50 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலைத் தூக்கி வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும் தூரம் இதில் சேராது.

பிரேக்கைச் செய்பவர்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மூன்று. காலின் அழுத்தத்தைப் பெருக்கிச் சக்கரங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். உராய்வில் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம் அறுந்துவிடாமல் காக்க வேண்டும். கடந்த நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வந்த ஒவ்வொரு பிரேக் அமைப்பும் இவற்றில் ஒன்றைத் தீர்த்தது; தீர்த்த கையோடு அடுத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டிரம், டிஸ்க், ஹைட்ராலிக், ஏ.பி.எஸ். ஆகியவை ஒன்றோடொன்று எப்படி வேறுபடுகின்றன என்பது இந்த வரிசையில் பார்த்தால்தான் தெளிவாகும்.

மரக்கட்டையும் தோலும்

முதல் கார்கள் குதிரை வண்டியின் பிரேக்கையே எடுத்துக்கொண்டன. ஒரு நெம்புகோலை இழுத்தால் மரக்கட்டை சக்கரத்தின் விளிம்பில் போய் அழுந்தும். இரும்புப் பட்டை கட்டிய சக்கரம், மெதுவாகப் போகும் வண்டி, முன்னால் தாமாகவே நிற்கக்கூடிய குதிரைகள் என்று இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. இன்ஜின் வந்த பிறகு வண்டியின் எடை முழுவதையும் கட்டைதான் தாங்க வேண்டியிருந்தது. இறக்கத்தில் அது தேய்ந்தது, கருகியது.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கி.மீ. ஓட்டிச் சென்றார். வழியில் இருந்த மலைச்சரிவுகளில் பிரேக் கட்டைகள் வேகமாகத் தேய்ந்தன. பௌஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் நிறுத்தி, கட்டைகளின் மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னார். கட்டை தாங்கும் பாகமாக இருக்க, தேய்வதற்கென்று தனியாக ஒரு படலத்தை அதன்மேல் பொருத்துவது இன்றும் எல்லா பிரேக்குக்கும் அடிப்படை. மெக்கானிக்குகள் லைனிங் என்று சொல்வது இதைத்தான். காருக்கு லைனிங் வந்தது அந்தப் பயணத்தில்தான் என்று வாகன வரலாறு குறிக்கிறது.

மரக்கட்டைக்கு முடிவு கட்டியது காற்றடைத்த ரப்பர் டயர். 1895இல் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் பொருத்திய காரை ஓட்டிக் காட்டினர். ரப்பர் டயரின் மேல் கட்டையை அழுத்தினால் டயர் கிழியும். ஆகவே உராய்வை டயரிலிருந்து பிரித்து, அச்சிலோ சக்கரத்தின் குடத்திலோ பொருத்திய உலோக உருளைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உருளையைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு இறுக்கும் பட்டை பிரேக் இப்படித்தான் பரவியது. செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் பட்டை வெளிப்புறத்தில் இருந்ததால் சேறும் நீரும் நேராக உராய்வுப் பரப்பில் படிந்தன. சூடேறினால் உருளை விரிந்து, பிரேக் பிடிக்காதபோதும் பட்டையோடு உரசும். மேட்டில் வண்டி பின்னோக்கி உருண்டால் பட்டை இறுகுவதற்குப் பதிலாகத் தளரும்.

டிரம் பிரேக்

இந்தக் குறைகளுக்கு விடையாக வந்தது, உராய்வை உருளையின் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோன அமைப்பு. பிரான்சின் லூயி ரெனோ 1902இல் உருவாக்கிய டிரம் பிரேக் இந்த வகையின் முன்மாதிரி. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் குடுவை போன்ற இரும்பு டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூக்கள் சுழலாமல் நிற்கும். பெடலை மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரில் அழுந்தும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். உராய்வுப் பரப்பு மூடியே இருப்பதால் சேறும் மழைநீரும் எளிதில் உள்ளே போவதில்லை.

டிரம் பிரேக்கின் பெரிய பலம், அது தன் பிடியைத் தானே கூட்டிக்கொள்வது. சக்கரம் சுழலும் திசையை நோக்கி விரியும் ஷூவை டிரம் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்குகிறது. எதிர்த்திசையில் விரியும் ஷூவை அது தள்ளிவிடப் பார்க்கிறது. முதல் ஷூவே பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. பூஸ்டர் என்ற துணைக்கருவி இல்லாத காலத்தில் கால் வலுவால் மட்டுமே கனமான காரை நிறுத்த முடிந்தது இந்த இழுப்பினால்தான். பின்னாளில் இரண்டு ஷூக்களையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றின் இழுப்பு அடுத்ததையும் அழுத்தும்படி செய்த அமைப்புகளும் வந்தன.

அதே பண்பு பலவீனமும் ஆகும். லைனிங்கின் உராய்வு சற்றே குறைந்தாலும் தானே கூட்டிக்கொள்ளும் இழுப்பும் சேர்ந்து குறைவதால் பிடி அதைவிடப் பெரிதாக வீழ்கிறது. ஒரு சக்கரத்தில் ஈரம் பட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது ஷூவுக்கும் அதற்கும் இடையே தூரம் கூடி, பெடல் ஆழமாக இறங்கும். வெப்பமோ மூடிய குடுவைக்குள்ளேயே தங்கிவிடும். மலைப்பாதையில் கார் ஓட்டியவர்கள் பிரேக் கைவிட்டது என்று சொன்ன பல நிகழ்வுகளுக்கு இந்தச் சூட்டுச் சோர்வே காரணம். கீழ் கியரில் இறங்க வேண்டும் என்ற விதியும் அதனால் வந்ததே.

உராய்வுப் பொருளின் வரலாறு இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுப் பகுதியோடு இணைந்தது. அங்கே குதிரை வண்டிகளுக்கான பிரேக் கட்டைகளை மேம்படுத்தத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் தொழில் நிறுவினார். அது ஃபெரோடோ என்ற பெயரில் வளர்ந்தது. மோட்டார் வண்டியின் சூட்டைத் துணியும் தோலும் தாங்கவில்லை. எனவே 1908 வாக்கில் கல்நார் இழைகளைக் கலந்து லைனிங் நெய்தார் அவர். கல்நார் எரியாது, மலிவானது, நீடித்தது. உலகம் முழுவதும் பிரேக் ஷூக்கள் அதை முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் சுமந்தன. அதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம் என்பது உறுதியான பின்பு, 1980களிலும் 90களிலும் பல நாடுகள் அதை விலக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் முழுத்தடை 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தை அராமிட் இழை, கண்ணாடி இழை, உலோகத் துருவல் கலந்த பிசின் கலவைகள் பிடித்தன.

நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்

1920கள் வரை பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. ஃபோர்டின் மாடல் டி காரில் கால் பெடல் கியர்பெட்டிக்குள் இருந்த பட்டையை இறுக்கும். கை நெம்புகோல் பின் சக்கரங்களின் டிரம்மை இயக்கும். முன் சக்கரத்தில் எதுவும் இல்லை. அங்கே பிரேக் போட்டால் ஸ்டியரிங் கைமீறிப் போகும், வண்டி முன்னால் கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் பொறியாளர்களிடையேகூட பரவியிருந்தது.

உண்மை நேர்மாறானது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கமாகச் சாய்கிறது. இதனால் முன் டயர்களுக்குப் பிடிமானம் கூடுகிறது, பின் டயர்களுக்குக் குறைகிறது. இன்றைய கார்களில் நிறுத்தும் வேலையின் 60, 70 சதவீதத்தை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. பின் சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்ட பழைய கார்கள், கிடைத்த பிடிமானத்தின் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வால் பக்கம் வீசி, வண்டியே சுழன்றுவிடும்.

திரும்பும் முன் சக்கரத்துக்குக் கம்பி வழியே அழுத்தத்தைக் கொண்டுபோவதுதான் கடினமாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கம்பியின் நீளம் மாறினால் பிரேக் தானே இறுகும் அல்லது தளரும். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி பெரோ இதற்கொரு தீர்வு கண்டார். இத்தாலியின் இசொட்டா ஃப்ராஸ்கினியும் ஸ்காட்லாந்தின் ஆர்கைலும் 1910, 1911 ஆண்டுகளில் நான்கு சக்கர பிரேக் கொண்ட கார்களை விற்றன. 1914 ஜூலையில் லியோன் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பெஜோ கார்கள் நான்கு சக்கர பிரேக்கோடு ஓடின. ஆனால் வென்றது பின் பிரேக் மட்டுமே கொண்ட மெர்சிடிஸ். முதல் மூன்று இடங்களும் அதற்கே கிடைத்ததால் ஐயம் நீடித்தது.

முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் வந்த இஸ்பானோ-சுய்சா ஹெச்6 கார் அந்த ஐயத்தைப் போக்கியது. கியர்பெட்டியிலிருந்து கிடைக்கும் சுழற்சி விசையைக் கொண்டே பிரேக்கை இழுக்கும் இயந்திரத் துணையை அது பெற்றிருந்தது. இந்த அமைப்பை ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தன் கார்களில் பொருத்தி 1960கள் வரை பயன்படுத்தியது. 1920களில் நான்கு சக்கர பிரேக் கொண்ட கார்கள் பின்னால் எச்சரிக்கைப் பலகை தாங்கிச் செல்வதும் உண்டு. முன்னால் போகும் கார் அவ்வளவு குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்பதைப் பின்னால் வரும் ஓட்டுநர் எதிர்பார்க்க மாட்டார்.

கம்பியும் கேபிளும் இயக்கிய பிரேக்கின் தொல்லை அதன் சமநிலை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் திருகுகள், ஆணிகள், மூட்டுகள். ஒன்று துருப்பிடித்தாலும் ஒன்று நீண்டாலும் ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், மற்றது பிந்தும். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஒவ்வொன்றாகச் சுழற்றி, பெடலை ஒரே அளவு அழுத்தி வைத்துக்கொண்டு, நான்கும் ஒரே இறுக்கத்தில் நிற்கும்வரை கொட்டைகளைத் திருப்ப வேண்டும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்தச் சமநிலை மறுபடி கெடும்.

எண்ணெய் வழி அழுத்தம்

இந்தச் சமநிலையை எண்ணெய் தானாகவே தந்தது. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அதைக் காரில் பயன்படுத்தக் கசியாத சீல்கள் வேண்டியிருந்தன. அமெரிக்காவில் விமானத் தொழிலில் பெயர் பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம், 1917 வாக்கில் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஹைட்ராலிக் பிரேக்கை நான்கு சக்கரங்களிலும் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் 1921இல் டியூசன்பெர்க் நிறுவனம் தயாரித்த மாடல் ஏ. அதே ஆண்டு லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜிம்மி மர்ஃபி ஹைட்ராலிக் பிரேக் கொண்ட டியூசன்பெர்க்கில் வென்றார்.

லாக்ஹீட் அமைப்பின் தோல் வாஷர்கள் கசிந்ததால் கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதிலாக ரப்பர் கப்புகளைப் பொருத்தினர். 1924இல் அந்நிறுவனத்தின் முதல் காரே நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு, நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய விலையில் வந்தது. ஹென்றி ஃபோர்டு எண்ணெயை நம்பவில்லை. கம்பி அறுந்தால் ஒரு சக்கரம்தான் போகும், குழாய் உடைந்தால் பிரேக்கே போய்விடும் என்ற வாதம் அந்தக் காலத்தில் செல்லுபடியாயிற்று. ஃபோர்டு கார்களில் ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939இல்தான்.

அமைப்பு எளிமையானது. பெடல் நெம்புகோலாக இருந்து காலின் விசையை நான்கு, ஐந்து மடங்காக்கி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. உதாரணமாக 20 கிலோ விசையில் மிதித்தால் பிஸ்டனின் மேல் 100 கிலோ விழுகிறது. பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் எனில் எண்ணெயில் சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோ அழுத்தம் எழும். சக்கரத்தில் 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் அதைப் பெற்றால் 660 கிலோ விசை கிடைக்கும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் செல்லும் அழுத்தம் ஒன்றே. கம்பியில் திருகித் திருகிப் பெற முயன்ற சமநிலை எண்ணெயில் திருகாமலே கிடைத்தது.

ஃபோர்டின் அச்சத்துக்குப் பதில் கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1960களில் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு அறைகளாகப் பிரித்து, ஒரு சுற்று கசிந்தாலும் மற்றது வேலை செய்யும்படி அமைத்தார்கள். சாப் நிறுவனம் குறுக்காக ஒரு முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் இணைத்தது. வோல்வோ தன் 140 வரிசையில் ஒவ்வொரு சுற்றும் இரண்டு முன் சக்கரங்களையும் ஒரு பின் சக்கரத்தையும் பிடிக்கும்படி செய்தது. 1968 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு இரட்டைச் சுற்று சட்டப்படி கட்டாயமானது.

எண்ணெய் என்று பேச்சில் சொன்னாலும் பிரேக் ஆயில் பெரும்பாலும் கிளைகால் சார்ந்த நீர்மம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரிக்கு இறங்கலாம். சூடான பிரேக்கில் நீர்மம் கொதித்து ஆவியானால், அழுத்தினால் ஒடுங்கும் ஆவிக்குமிழ்களைத்தான் பெடல் மிதிக்கிறது. பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. குழாயில் காற்று புகுந்தாலும் இதே நிலைதான். பழுது பார்த்தபின் மெக்கானிக் ஏர் எடுப்பதும், இரண்டாண்டுக்கொருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதும் இதற்காகவே.

பூஸ்டர், ஏர் பிரேக்

கார்கள் கனமாகவும் வேகமாகவும் ஆனதும் காலுக்குத் துணை தேவைப்பட்டது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் ஏற்படும் குறைந்த அழுத்தத்தைக் கொண்டு பிரேக்கைத் தள்ளும் வெற்றிட பூஸ்டரை பெல்ஜியத்தின் ஆல்பர்ட் தெவாந்திர் 1920களில் மேம்படுத்தினார். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே உள்ள வட்டமான உலோக டப்பாவை ஒரு சவ்வு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஒருபுறம் வெற்றிடம்; பெடலை மிதித்ததும் மறுபுறம் வெளிக்காற்று நுழைந்து சவ்வைத் தள்ளும். இன்ஜின் நின்ற காரின் பெடல் இரண்டு, மூன்று மிதிக்குப் பின் கல்லாகிவிடுவதற்குக் காரணம், எஞ்சியிருந்த வெற்றிடம் தீர்ந்துபோவதுதான்.

தெவாந்திரின் பெயரைத் தாங்கிய இங்கிலாந்தின் கிளேட்டன் தெவாந்திர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டி.வி.எஸ். குழுமம் 1962இல் சென்னை பாடியில் சுந்தரம்-கிளேட்டனைத் தொடங்கியது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஏர் பிரேக் செய்தது அது. அதே ஆண்டு, அதே பாடியில், கிர்லிங் பிரேக்குகளைச் செய்த லூகாஸ் குழுமத்தோடு பிரேக்ஸ் இந்தியா உருவானது. 1964இல் ரானே பிரேக் லைனிங் வந்தது. இந்திய வாகனங்களை நிறுத்தும் தொழில், அறுபதுகளிலேயே சென்னையின் வடமேற்குப் புறநகரில் வேரூன்றிவிட்டது.

ஏர் பிரேக் ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் அழுத்தக் காற்றே பிரேக்கை இழுத்தது. 1872இல் அதைத் தலைகீழாக்கி, குழாயில் காற்று குறைந்தாலே பிரேக் தானாக விழும்படி செய்தார். இன்றைய லாரியின் பார்க்கிங் பிரேக்கும் அதே கொள்கையைப் பின்பற்றுகிறது. வலுவான ஸ்பிரிங் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். காற்றழுத்தம்தான் அதை விடுவிக்கிறது. காற்று முற்றிலும் கசிந்தால் வண்டி ஓடாமல் நிற்கும். எண்ணெயைவிடக் காற்று மெதுவாகச் செயல்படும், கம்ப்ரசரும் தொட்டிகளும் இடத்தை அடைக்கும். ஆனால் சிறு கசிவால் பிரேக் போய்விடாது, இழுவை வண்டியைக் கழற்றிப் பூட்டவும் எளிது. கனரக வண்டிக்குக் காற்றும் காருக்கு எண்ணெயும் என்ற பிரிவினை இதனால் ஏற்பட்டது.

டிஸ்க் பிரேக்

டிரம்மின் வெப்பச் சிக்கலுக்கான விடை டிரம் பிறந்த ஆண்டிலேயே காகிதத்தில் இருந்தது. பர்மிங்காமின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் என்ற உராய்வுக் கட்டைகள் கவ்விப் பிடிப்பதே அமைப்பு. அவர் பயன்படுத்திய செம்புப் பேடுகள் புழுதிச் சாலைகளில் விரைவாகத் தேய்ந்தன, காதைப் பிளக்கும் கீச்சொலியும் எழுந்தது. அக்காலக் கார்களின் வேகத்துக்கு டிரம்மே போதுமாக இருந்ததால் யோசனை கிடப்பில் போயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனமான விமானங்கள் தரையிறங்கி நிற்க டிஸ்க் பிரேக்குகள் வளர்ந்தன. அந்த அனுபவம் காருக்குத் திரும்பி வந்தது.

டன்லப்பும் ஜாகுவாரும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்கோடு 1952இல் ஸ்டிர்லிங் மாஸ் பிரான்சின் ரீம் நகரில் பந்தயம் வென்றார். 1953 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முடிவு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. அங்கே ஏறத்தாழ 6 கி.மீ. நீளும் நேர்ச்சாலையின் முடிவில் கூர்மையான வலத் திருப்பம் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகத்திலிருந்து கார் அங்கே இறங்க வேண்டும். டிரம் பிரேக் கொண்ட போட்டியாளர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தனர். மணி ஏற ஏற அவர்களுடைய டிரம்கள் சோர்ந்தன. ஜாகுவார் ஓட்டுநர்கள் வெகுதூரம் உள்ளே போய் பிரேக் பிடித்தனர், இரவு முழுவதும் பிடித்தனர். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய சி-டைப் முதலிடம் பெற்றது. சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ. அந்தப் பந்தயத்தில் சராசரி 160 கி.மீ.யைத் தாண்டியது அதுவே முதல்முறை.

1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோன் டி.எஸ்., முன்பக்க டிஸ்க் பிரேக்கைப் பெருந்தொகையாக விற்கும் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் டிரையம்ஃப் டி.ஆர்.3இல் கிர்லிங் டிஸ்க்குகள் பொருத்தப்பட்டன. 1970களுக்குள் உலகின் பெரும்பாலான கார்களின் முன்சக்கரம் டிஸ்க்குக்கு மாறியது.

டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் உள்ள வேறுபாடுகள் வடிவத்திலிருந்து பிறப்பவை. டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் விரைவாகக் குளிர்கிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே காற்றோடும் வழி விட்டு வார்த்த டிஸ்க் இன்னும் வேகமாகக் குளிரும். சூட்டில் அது தடிப்பதால் பேடை நோக்கித்தான் நகர்கிறது, பெடல் ஆழம் போவதில்லை. நீர் பட்டால் சுழற்சியிலேயே தெறித்துவிடும். தானே இறுகும் பண்பு இல்லாததால் மிதித்த அளவுக்கே பிடி கிடைக்கும். காலால் நுட்பமாக அளந்து பிடிக்கலாம். அதே காரணத்தால் அதிக அழுத்தம் வேண்டும், பூஸ்டர் இல்லாமல் கனமான காருக்கு டிஸ்க் சரிப்படாது. பேடு தேய்ந்தால் வெளியிலிருந்தே தெரியும், மாற்றுவதும் எளிது.

இத்தனைக்கும் பிறகும் டிரம் மறையவில்லை. செலவு குறைவு. பின் சக்கரத்துக்கு வேலை குறைவு என்பதால் சூட்டுச் சோர்வு அங்கே பெரிய ஆபத்தல்ல. ஹேண்ட் பிரேக் கேபிளை ஷூவோடு இணைப்பது எளிது. சரிவில் நிறுத்திய காரை டிரம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற கூட்டணி சிறிய கார்களில் இன்றும் தொடர்வதற்குக் காரணம் இதுவே. நான்கிலும் டிஸ்க் உள்ள கார்கள் சிலவற்றில் பின் டிஸ்க்கின் நடுவே சிறு டிரம் ஒன்றை ஹேண்ட் பிரேக்குக்காகவே வைத்திருக்கிறார்கள்.

சக்கரம் பூட்டாமல் காத்தல்

பிரேக்குக்குப் போதிய வலு வந்ததும் மூன்றாவது சிக்கல் முன்னுக்கு வந்தது. சக்கரம் சுழல்வதை முற்றிலும் நிறுத்தினால் டயர் சாலையில் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் டயருக்குப் பிடிமானம் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டயர் சுழல்வதற்கும் வண்டி நகர்வதற்கும் உள்ள வேறுபாடு 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போதுதான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அந்த எல்லையில் காலை நிறுத்த, தேர்ந்த ஓட்டுநர்களும் பதற்றமான நேரத்தில் தவறிவிடுவார்கள்.

இதுவும் விமானத்திலேயே தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் டன்லப் செய்த மேக்சரெட் கருவியில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் சிறு ஃப்ளைவீல் சக்கரம் இருந்தது. விமானச் சக்கரம் திடீரென வேகம் குறைந்தால், தன் போக்கில் சுழன்றுகொண்டிருக்கும் சிறு சக்கரம் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தை விடுவிக்கும். 1966இல் ஜென்சன் எஃப்.எஃப். கார் இதைப் பொருத்திக்கொண்டது. ஆனால் மொத்தம் 320 கார்களே உருவாயின. இயந்திரக் கருவி காருக்கு மெதுவானதாகவும் விலை மிக்கதாகவும் இருந்தது.

மின்னணுவியல்தான் வழி திறந்தது. ஜெர்மனியில் டெல்டிக்ஸ் நிறுவனம் தொடங்கி பாஷ் நிறுவனம் முடித்த வேலையில், ஆரம்பத்தில் ஆயிரம் அளவிலிருந்த மின்னணு உறுப்புகள் டிஜிட்டல் முறைக்கு மாறியதும் 140 ஆகக் குறைந்தன. 1978இல் மெர்சிடிஸ் எஸ் வகுப்பு கார்களில், சக்கரம் பூட்டாமல் காக்கும் இந்த அமைப்பு ஏ.பி.எஸ். என்ற பெயரில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் பல்லுள்ள வளையமும் அதை எண்ணும் உணரியும் இருக்கும். ஒரு சக்கரம் பூட்டப்போவதாகக் கணினி கண்டால், அந்தச் சக்கரத்துக்கான வால்வு முதலில் அழுத்தம் ஏறாமல் மூடும். போதாவிட்டால் அழுத்தத்தை வெளியேற்றும். சக்கரம் மீண்டதும் திரும்ப ஏற்றும். இது விநாடிக்குப் பலமுறை நடக்கும். பெடல் காலடியில் அதிர்வது இதனால்தான். அப்போது காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டும்.

ஏ.பி.எஸ். நிறுத்தும் தூரத்தை எப்போதும் குறைப்பதில்லை. சரளைக்கல்லிலும் புதிய பனியிலும் பூட்டிய சக்கரம் முன்னால் குவிக்கும் மேடே தடையாக உதவும் என்பதால் அங்கே தூரம் கூடக்கூடும். அதன் உண்மையான பயன், பிரேக் பிடித்தபடியே திருப்பி விலக முடிவது. அதே உணரிகளையும் வால்வுகளையும் கொண்டு, முன்னும் பின்னும் அழுத்தத்தைச் சாலைக்கும் சுமைக்கும் ஏற்பப் பிரிக்கும் இ.பி.டி. வந்தது. 1995இல் மெர்சிடிஸில் இ.எஸ்.பி. வந்தது. வண்டி வழுக்கிச் சுழலத் தொடங்கினால், ஓட்டுநர் மிதிக்காதபோதும் அது தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதே நாளிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வாகனங்களுக்கும் அது பொருந்தியது.

ஆற்றலைத் திரும்பப் பெறுதல்

உராய்வு பிரேக்குகள் எல்லாம் ஆற்றலை வெப்பமாக்கி வீணடிப்பவை. மின்மோட்டார் உள்ள காரில் அப்படி வேண்டியதில்லை. சக்கரம் மோட்டாரைச் சுழற்றினால் அது ஜெனரேட்டராகி பேட்டரியை ஏற்றும். அந்தச் சுழற்சிக்கு எழும் எதிர்ப்பே பிரேக் ஆகும். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இதைப் பெருந்தொகை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பேட்டரி நிறைந்திருந்தாலோ, வேகம் மிகக் குறைந்தாலோ, அவசரமாக நிறுத்த வேண்டியிருந்தாலோ மின் பிரேக் போதாது. எனவே உராய்வு பிரேக் கட்டாயம் கூடவே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேலையைக் கணினி பகிர்கிறது. ஓட்டுநரின் கால் அந்த மாற்றத்தை உணரக்கூடாது.

இதனால் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இருந்த நேரடித் தொடர்பு தளர்ந்தது. 2001இல் மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் வந்த மின்-ஹைட்ராலிக் பிரேக், பெடலின் அசைவை மின்குறிப்பாகப் பெற்று, அழுத்தத்தை பம்ப்பிலிருந்து கொடுத்தது. குறைபாடுகளால் 2004இலும் 2005இலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்து, அந்நிறுவனம் அந்த அமைப்பைக் கைவிட்டது. அதன் பின் வந்தவை, மின்சாரம் போனாலும் கால் விசை எண்ணெய் வழியே சக்கரத்தை எட்டும் மாற்று வழியை உள்ளடக்கி வந்தன. எண்ணெயே இல்லாத முழு மின் பிரேக்கின் பெருந்தடையும் இதுதான்: சுற்று இரண்டாக இருந்தால் போதாது, மின்சாரமும் இரண்டு மூலங்களிலிருந்து வர வேண்டும்.

மின்கார் உராய்வு பிரேக்கின் பழைய கணக்கையும் மாற்றியுள்ளது. பின் சக்கரத்தின் பிரேக் அரிதாகவே வேலை செய்வதால் திறந்த டிஸ்க் துருப்பிடிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3 மின்காரின் பின் சக்கரத்தில் டிரம்மையே தேர்ந்தது. மூடிய டிரம் துருவை விலக்குவதோடு, தேய்ந்து பறக்கும் லைனிங் துகளையும் உள்ளேயே தேக்கி வைக்கிறது. அந்தத் துகள் இப்போது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற யூரோ 7 விதி, புகைக்குழாயைப் போலவே பிரேக்கிலிருந்து வெளியேறும் நுண்துகளுக்கும் வரம்பு வகுத்தது. இன்ஜின் உள்ள கார்களுக்குக் கி.மீ.க்கு 7 மில்லிகிராம், மின்கார்களுக்கு 3 மில்லிகிராம். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்று மட்டும் ஒப்பிட்டுவந்த பிரேக்குகளை இனி எவ்வளவு தூசி விடுகின்றன என்றும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.